சித்தூர் – திருப்பதி வட்டாரப் போர் நூல்கள்: பழம்புத்தகத் திரட்டும் மூலமொழிச் சிக்கலும்

1. முன்னுரை

ஒரு வட்டாரத்தின் போர் வரலாறு அவ்வட்டார மக்கள் பேசும் மொழியில் எழுதப்பட்டிருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. சித்தூர், திருப்பதி வட்டாரத்தைப் பொறுத்தவரை அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறுவதில்லை. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இப்பகுதியின் போர்களையும் வெளியுறவுகளையும் பற்றிய செய்திகள் போர்த்துக்கீசியம், பாரசீகம், மராத்தி, பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி இன்று ஆங்கிலப் பெயர்ப்பு வாயிலாகவே ஆய்வாளர் கைக்கு எட்டுகிறது. அப்பெயர்ப்புகளிற் பல அச்சில் நின்றுபோனவை. ஆகவே அவை பழம்புத்தகக் கடைகளிலும், நூலகங்கள் கழித்துவிட்ட படிகளிலும், நெடுநாள் பயன்பட்ட தனியார் திரட்டுகளிலும் தேடிப்பெற வேண்டியவையாக உள்ளன.

இத்தகைய நூல்களைத் திரட்டுவது தனியார் பொழுதுபோக்கு என்ற அளவில் கருதப்பட்டு வந்துள்ளது. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது வேறொரு பயனையும் தரவல்லது. ஒரே நிகழ்ச்சி பல மொழிகளில் பதிவாகி, அப்பதிவுகள் பல கைகள் மாறி ஒரு நூலாக அமையும்போது சொற்களுக்கு நேரும் மாற்றத்தை அத்திரட்டில் நேர்முகமாகக் காணலாம். இவ்வட்டாரம் தொடர்பான முதன்மை நூல்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு கைமாறின, அவற்றைச் சேர்ப்போர் எவற்றைக் காக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. களமும் காலமும்

சித்தூர் வட்டாரம் தென்னிந்திய அரசியலில் ஒரு வழிமுகம். மேற்கே மைசூர்ப் பீடபூமியையும் வடக்கே கடப்பையையும் கிழக்கே கருநாடகச் சமவெளியையும் இணைக்கும் கணவாய்கள் இங்குள்ளன. அதனால் சமவெளியை நோக்கிவந்த படைகள் பெரும்பாலும் இவ்வழியே இறங்கின.

விசயநகர அரசு 1565ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின் தெற்கு நோக்கி நகர்ந்தபோது சந்திரகிரி அதன் தலைநகர்களுள் ஒன்றாயிற்று. இரண்டாம் வேங்கடபதிராயர் (1586–1614) காலத்தில் ஏசு சபைத் துறவியர் இவ்வரசவைக்கு வந்து சென்றனர். அவர் மறைவுக்குப் பின் அரசுரிமை குறித்து எழுந்த உள்நாட்டுப் போரில் சக்கராயர் ஒரு பக்கமும் யாச்சம நாயக்கர் மற்றொரு பக்கமும் நின்றனர்.

1740ஆம் ஆண்டு மே மாதத்தில் பாகாலாவை அடுத்த தாமல்செருவுக் கணவாயில் இரகூசி போன்சுலே தலைமையில் வந்த மராத்தியப் படை ஆர்க்காட்டு நவாபு தோசுத்து அலியை வென்றது. நவாபு களத்திலேயே மாண்டார். கருநாடகத்தில் ஐரோப்பியக் கும்பினிகள் தலையிடுவதற்கு வழிதிறந்த நிகழ்ச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. 1750களில் திருப்பதிக் கோயில் வருவாயைக் கைப்பற்றும் பொருட்டுச் சிறுசிறு மோதல்கள் பல நிகழ்ந்தன. 1782 டிசம்பர் 7 அன்று ஐதர் அலி, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் தம் பாசறையில் உயிர்நீத்தார். 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கருநாடகம் கும்பினியின் நேராட்சிக்கு வந்தபின், சித்தூர்ப் பாளையங்கள் கிளர்ந்தெழுந்து 1804–05இல் அடக்கப்பட்டன.

இக்கால வரிசையில் இடம்பெறும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதன்மைச் சான்று வெவ்வேறு மொழியில் உள்ளது. உள்நாட்டுப் போருக்குப் போர்த்துக்கீசியம், ஐதர் காலத்திற்குப் பாரசீகமும் மராத்தியும், நவாபுகளுக்குப் பாரசீகம், புதுச்சேரியின் நோக்கிலிருந்து காண்பதற்குத் தமிழும் பிரெஞ்சும், பாளையங்களுக்குத் தெலுங்குக் கைபீதுகளும் ஆங்கில அலுவலக ஆவணங்களும் என அவை பிரிந்து நிற்கின்றன.

போரைப் பலமொழியில் அறிவிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் அச்சு நூல்களுக்கு முன்பே இருந்தது. கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். கசபதி அரசர்க்கு எதிராக உதயகிரியில் பெற்ற வெற்றியைத் தொடர்ந்து 1514இல் அவர் வந்த வருகையும் அவற்றுள் ஒன்று. அவர்தம் கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. கோயிலுக்கு வருவோர் பல நாட்டினர் என்பதை உணர்ந்து அரசு மேற்கொண்ட நடைமுறை இது எனலாம். அக்கல்வெட்டுகள் ஒரே இடத்தில் பல மொழிகளை நிறுத்தின. பின்வந்த நூல்களோ ஒவ்வொரு மொழியையும் ஒவ்வொரு நாட்டிற்குக் கொண்டுசென்றுவிட்டன.

3. ஏடுகள் கைமாறிய வழி

போர் வரலாற்றுக்கான ஆவணங்களை முறையாகத் திரட்டிய முதல் ஆங்கிலேயருள் இராபர்ட்டு ஓர்ம் முதன்மையானவர். அஞ்சுதெங்கில் 1728இல் பிறந்த இவர், சென்னைக் கோட்டையில் பணியாற்றி 1758இல் இந்தியாவை விட்டு நீங்கினார். இந்துத்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய படைச்செயல்களைப் பற்றிய அவர்தம் வரலாற்றின் முதற்பகுதி 1763இலும் இரண்டாம் பகுதி 1778இலும் இலண்டனில் வெளிவந்தன. தாமல்செருவுப் போரையும் திருப்பதி மோதல்களையும் ஆங்கில வாசகர் அறிந்தது பெரும்பாலும் இந்நூலாலேயே. சென்னையில் பாரோ நிறுவனத்தார் 1861இல் இதனை மறுபதிப்புச் செய்தமையால், தென்னிந்தியப் பழம்புத்தகச் சந்தையில் இலண்டன் பதிப்பைவிடச் சென்னைப் பதிப்பு கிடைப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஓர்ம் சேர்த்துவைத்த கையெழுத்து ஆவணங்கள் கும்பினியின் நூலகத்தைச் சேர்ந்தன, அவற்றுக்கு எசு. சி. இல் தொகுத்த அட்டவணை 1916இல் வெளியாயிற்று.

ஓர்ம் எழுதியது போரைப் பற்றி. போர் நடந்த மண்ணின் மக்கள் தம் வரலாறாகக் கூறியவற்றைத் திரட்டியவர் ஒரு படைஞர். காலின் மெக்கன்சி 1783இல் இந்தியா வந்து சென்னைப் பொறியாளர் படையில் பணிபுரிந்தவர். 1792, 1799 ஆகிய ஆண்டுகளின் சீரங்கப்பட்டண முற்றுகைகளில் பங்குகொண்டவர். மைசூர் நில அளவையின்போது, ஊர்தோறும் வழங்கிய ஏடுகளையும் கைபீதுகளையும் கல்வெட்டுப் படிகளையும் தம் உதவியாளர் மூலம் சேர்த்தார். அவ்வுதவியாளருள் ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கட போரய்யா தலைமையானவர். அவர் 1803இல் மறைந்தபின் அவர் உடன்பிறந்தாராகிய இலட்சுமய்யா அப்பணியைத் தொடர்ந்தார். மெக்கன்சி 1815இல் இந்தியாவின் தலைமை நில அளவையராகி, 1821இல் மறைந்தார்.

அவர் மறைந்தபின் அத்திரட்டு முழுவதையும் அரசு அவர் மனைவியாரிடமிருந்து ஓரிலக்கம் ரூபாய்க்கு வாங்கியது. எச். எச். வில்சன் 1828இல் வெளியிட்ட விளக்க அட்டவணையின்படி அதில் இலக்கியச் சுவடிகள் 1,568. வட்டார வரலாறுகள் 2,070. கல்வெட்டுப் படிகள் 8,076. திரட்டு பின்னர்ப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி இலண்டன் சென்றது. தென்னிந்திய மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி, அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இடம்பெற்றன. ஓரூரின் கைபீது ஓரிடத்திலும் அதன் ஆங்கிலச் சுருக்கம் வேறோரிடத்திலும் அமைந்த நிலை இவ்வாறு உண்டாயிற்று.

கைபீது என்பது கேட்டெழுதிய வாக்குமூலம். ஊர்க்கணக்கரோ பாளையக்காரரின் எழுத்தரோ கூற, அளவைத்துறையின் உதவியாளர் எழுதிக்கொண்டார். கேட்டவர் எதைக் கேட்டாரோ அதற்கேற்பவே விடை அமையும். பாளையம் யாரால் வழங்கப்பட்டது, எத்தனை காலாட்கள் வைத்திருக்க வேண்டும், யாருக்குக் கப்பம் செலுத்தப்பட்டது என்பன போன்ற வினாக்களுக்குரிய விடைகளே அவற்றில் மிகுதி. ஆகவே கைபீதின் உரைநடையை ஆராய்வோர், எழுதாமல் விடப்பட்ட வினாவையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

மூன்றாமவர் சார்லசு பிலிப்பு பிரவுன் (1798–1884). கடப்பையிலும் மசூலிப்பட்டினத்திலும் பணியாற்றிய இவர் தெலுங்கு அகராதியாலும் வேமனர் பதிப்பாலும் நன்கறியப்பட்டவர். போர் நூல்கள் குறித்து இவர் ஆற்றிய பணி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ஐதர், திப்பு ஆகியோரிடம் நெடுநாள் பணிபுரிந்த இராமச்சந்திரராவு புங்கனூரி என்பார் மராத்தியில் எழுதிய வரலாற்றைப் பிரவுன் ஆங்கிலத்தில் பெயர்த்துக் குறிப்புகளுடன் 1849இல் சென்னையில் வெளியிட்டார். ஆசிரியர் பெயரோடு ஒட்டிய ஊர்ப்பெயர் அடை, சித்தூர் வட்டாரத்துப் புங்கனூரை நினைவூட்டுகிறது. அனந்தபுரத்துச் சிற்றரசர்களின் போர்களைக் கூறும் தெலுங்கு உரைநடை வரலாற்றையும் அவர் பெயர்த்து 1853இல் வெளியிட்டார். மொழியறிஞர் ஒருவர் போர் வரலாறுகளைத் தேர்ந்தது தற்செயலன்று. செய்யுள் வழக்கிலிருந்து விலகிய, அலுவல் நடைக்கு அண்மையான உரைநடை அவற்றில் கிடைத்தது. பேச்சுவழக்கை மதித்த பிரவுனுக்கு அந்நடை உகந்ததாக இருந்தது.

4. மூலமும் பெயர்ப்பும்

பழம்புத்தகமாகக் கிடைக்கும் ஆங்கில நூலொன்றை எடுத்துக்கொண்டால், அதன் அடியில் எத்தனை மொழிகள் படிந்துள்ளன என்பதை முதலில் வினவ வேண்டும். மூன்று சான்றுகள் போதுமானவை.

முதலாவது, இராபர்ட்டு சீவெல் 1900இல் வெளியிட்ட விசயநகர வரலாறு. பாயசு, நூனிசு ஆகியோரின் போர்த்துக்கீசியக் குறிப்புகள் பாரிசுச் சுவடியிலிருந்து தாவீது லோப்பெசு என்பவரால் 1897இல் இலிசுபனில் பதிப்பிக்கப்பெற்றவை. சீவெல் அவற்றின் ஆங்கிலப் பெயர்ப்பைத் தம் நூலில் சேர்த்தார். வேங்கடபதிராயர் மறைவுக்குப் பின் நிகழ்ந்த உள்நாட்டுப் போரைப் பற்றி மனுவேல் பர்ரதாசு 1616இல் எழுதிய மடலும் அதில் உள்ளது. அரசவையில் தெலுங்கில் பேசப்பட்டவை போர்த்துக்கீசியச் செவியில் விழுந்து, போர்த்துக்கீசிய எழுத்தில் அமைந்து, பின் ஆங்கிலத்தில் நின்றன. யாச்சம நாயக்கர் என்னும் பெயர் 'எச்சம நாயிக்கே' என்பதற்கு அண்மையான வடிவில் அங்குக் காணப்படுவது இதனாலேயே. சொல்முதல் யகரம் எகரமாக ஒலித்ததா, எழுதியவர் காதில் அவ்வாறு கேட்டதா என்பது ஒலியியலார் ஆராயத்தக்கது.

இரண்டாவது, ஐதர் அலியின் இறுதி நாள்கள். மார்க்கு வில்க்சு 1810–1817இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட மைசூர் வரலாறு, இறப்புச் செய்தி மறைக்கப்பட்ட விதத்தை ஆங்கில நோக்கில் விரித்துரைக்கிறது. மீர் உசேன் அலி கிர்மானி பாரசீகத்தில் எழுதிய வரலாற்றை டபிள்யூ. மைல்சு ஆங்கிலத்தில் பெயர்த்து, ஐதர் பகுதியை 1842இலும் திப்பு பகுதியை 1864இலும் வெளியிட்டார். புங்கனூரியின் மராத்தி வரலாற்றுக்கு 1849ஆம் ஆண்டுப் பிரவுன் பெயர்ப்பு உள்ளது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்திருப்பவர், ஒரே பாசறையில் நிகழ்ந்தவற்றை மூன்று அரசவை மரபுகள் எவ்வெவ்வாறு நோக்கின என ஒப்பிட இயலும். இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் வரலாறு அவ்வளவே என எண்ணிவிடக் கூடும்.

மூன்றாவது, தமிழுக்கு மிகவும் நெருங்கியது. ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரின் துபாசியாக விளங்கியவர். 1736 செப்டம்பர் 6 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு, கருநாடகப் போர்களையும் அரசவைகளுக்கிடையே நிகழ்ந்த தூதுகளையும் தமிழில் பதிந்த பெருநூல். 1846இல் கல்வா மோன்பிரேன் என்பார் அதனைக் கண்டறிந்து வெளிக்கொணர்ந்தார். சூலியன் வின்சோன் 1894இல் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசு ஒரு படி எடுப்பித்து, அதனடிப்படையில் ஆங்கிலப் பெயர்ப்பை மேற்கொண்டது. பிரடெரிக்கு பிரைசு, கே. இரங்காச்சாரி ஆகியோரும் பின்னர் எச். டாட்வெல்லும் பதிப்பிக்க, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன.

தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948இல். ஆங்கில முதல் தொகுதிக்கும் தமிழ் முதல் தொகுதிக்கும் இடையே நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட தமிழ்ப் பதிப்பு 2019இல் வெளிவந்தது. இவ்விடைக்காலத்தில் தமிழில் வரலாறு எழுதியோரும் பிள்ளையின் தமிழ்ச் செய்தியை ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழாக்க நேர்ந்தது. முசே, சொல்தாது, கப்பித்தான் போன்ற பிரெஞ்சு, போர்த்துக்கீசியச் சொற்களும், பாரசீக, மராத்தி வழிச் சொற்களும் தமிழ் வாக்கியத்தில் இயல்பாக இயங்கிய நடை, ஆங்கிலத்தில் ஒரே சீரான அலுவல் நடையாயிற்று. அதிலிருந்து மீட்டெடுத்த தமிழில் அக்கலப்பு திரும்பி வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடைக்குரிய முதன்மைச் சான்று, அரை நூற்றாண்டுக் காலம் தமிழாய்வுக்குப் பயன்படாதிருந்தது என்பது சிறிய இழப்பன்று.

நவாபுகளின் பாரசீக வரலாறாகிய 'துசுக்கே வாலாசாகி'யைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருட்டு எசு. முகம்மது உசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். ஆர்க்காட்டு அரசவையின் நோக்கை அறிவதற்கு இது இன்றியமையாதது. இந்நூலையும் பிள்ளையின் நாட்குறிப்பையும் ஓர்மையும் அடுத்தடுத்து வைத்தாலன்றிக் கருநாடகப் போர்களின் வரலாறு ஒருதலைப்பட்சமாகவே அமையும்.

5. சொற்கள் காட்டும் தடம்

நூல்கள் கைமாறியபோது சொற்கள் அடைந்த மாற்றங்களுள் சில ஈண்டு நோக்கத்தக்கன.

தாமல்செருவு என்னும் ஊர்ப்பெயரின் இறுதிச்சொல் தெலுங்கில் ஏரியைக் குறிப்பது. ஆங்கில நூல்களில் அது 'தாமல்செரி' என்றாயிற்று. தமிழறிந்தோர் அதனைச் 'சேரி' எனக் கொண்டால் ஏரி குடியிருப்பாக மாறிவிடும். ஊர்ப்பெயராய்வில் ஆங்கில வடிவத்தை முதற்சான்றாகக் கொள்வதன் இடர் இதனால் விளங்கும்.

பாளையம் என்பது முதலில் படை தங்கும் இடம். பின் படைக்கடமைக்கு ஈடாக வழங்கப்பட்ட நிலப்பகுதியையும் அது சுட்டியது. ஆங்கிலத்தில் 'பாலிகர்' என்று வழங்கிய சொல்லில் படைப்பொருள் மறைந்து, அடங்காத குறுநிலத் தலைவன் என்ற பொருளே மேலோங்கியது. 1804–05ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை ஆங்கில ஆவணங்களிலிருந்து தமிழாக்குவோர் அச்சொல்லின் இகழ்ச்சிப் பொருளையும் அறியாமலே ஏற்றுக்கொள்ள நேரிடும்.

வக்கீல் என்ற அரபுச்சொல் இன்று வழக்கறிஞரைக் குறிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில் அது ஓர் அரசர் மற்றோர் அரசவையில் வைத்திருந்த பேராளரைக் குறித்தது. ஐதரின் வக்கீல் சென்னைக்கு வந்தார் என்னும் தொடரை வழக்கு நடத்த வந்தார் எனக் கொள்வது பிழை. இதற்கு முற்பட்ட விசயநகர வழக்கில் இப்பணியாளர் 'தானாபதி' எனப்பட்டார். 'இராயவாசகமு' என்னும் தெலுங்கு உரைநடை நூல், கிருட்டிணதேவராயர் அவையில் இருந்த தானாபதி தம் தலைவராகிய மதுரை நாயக்கருக்கு எழுதும் செய்தியாகவே அமைந்துள்ளது. பாஞ்சாலங்குறிச்சி வரலாற்றில் வரும் தானாபதிப் பிள்ளையின் பட்டமும் இச்சொல்லின் வழித்தோன்றலே. தானாபதி, வக்கீல், துபாசி என்னும் மூன்று சொற்களும் வெளியுறவுப் பணியின் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன: முதலாவது தலைவனின் சார்பாக அவையில் இருத்தல், இரண்டாவது அதிகாரம் பெற்றுப் பேசுதல், மூன்றாவது இரு மொழிகளுக்கிடையே நின்று வாணிகத்தையும் அரசியலையும் இணைத்தல். மூன்றையும் ஆங்கிலத்தில் 'ஏசென்டு' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால் இவ்வேறுபாடு முற்றும் அழிந்துபோகும்.

படைக்கருவிப் பெயர்களும் இவ்வாறே. துருக்கி வழிவந்த துப்பாக்கி, ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி'யிலிருந்து கருவிக்குப் பெயராகிய பீரங்கி, ஐரோப்பிய மொழிச் சொல்லிலிருந்து தமிழாகிய பட்டாளம் ஆகியவை எந்நாட்டுப் படை எப்போது இம்மண்ணில் நின்றது என்பதற்குச் சொற்சான்றுகள். வழக்கில் நிலைத்துவிட்டமையால் இவை அயற்சொற்கள் என்ற உணர்வே இன்று எழுவதில்லை.

நாட்கணக்கும் ஒருவகை மொழிபெயர்ப்பே. 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையும் பிரெஞ்சுக்காரர் புதிய நாட்காட்டியையும் கைக்கொண்டமையால், பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டிற்கும் பதினொரு நாள் வேறுபாடு இருந்தது. 1740ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்குச் சென்னை ஆவணங்கள் தரும் நாளும் புதுச்சேரி ஆவணங்கள் தரும் நாளும் இதனால் முரண்படுவது போல் தோன்றும். பிள்ளையின் நாட்குறிப்போ தமிழ் ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றுடன் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்துத் தருவதால் இச்சிக்கலைத் தீர்க்கத் துணைசெய்கிறது.

6. பழம்புத்தகச் சந்தையும் திரட்டும் முறையும்

சித்தூர், திருப்பதியில் வாழும் ஆய்வாளர்க்கு மூலச்சுவடிகள் எளிதில் எட்டுவதில்லை. இதற்கு ஆட்சி எல்லை மாற்றங்களும் ஒரு காரணம். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வட ஆர்க்காடு, கடப்பை ஆகியவற்றின் சில வட்டங்களைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆவணங்கள் இவ்வெல்லைகளோடு நகரவில்லை. கும்பினிக் காலத்துப் பதிவுகளைக் காணச் சென்னைக்கே செல்ல வேண்டியுள்ளது.

இந்நிலையில் அச்சிட்ட நூலே அருகில் கிடைக்கும் ஆவணக்காப்பகம். சென்னை மூர் மார்க்கெட்டு 1985 மே மாதத்தில் தீக்கிரையாகும் வரை இத்தகைய நூல்களைத் தேடுவோரின் முதன்மையிடமாக விளங்கியது. அக்கடைகள் சிதறியபின் தேடல் கடினமாயிற்று. இன்று மின்வருடிய படிகள் பல கிடைக்கின்றன. ஆயினும் மடித்த நிலப்படங்களை விரிக்காமலே வருடியவையும், பக்கங்கள் விடுபட்டவையும் அவற்றில் உள்ளன. கணவாய், பாசறை, படை சென்ற வழி ஆகியவற்றை அறிய நிலப்படம் இன்றியமையாதது. ஆகவே அச்சுப்படியின் தேவை நீங்கவில்லை.

திரட்டுவோர் கருத்திற்கொள்ள வேண்டியவை பின்வருமாறு:

அ) தலைப்பை மட்டும் நம்பித் தேடலாகாது. சித்தூரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு 'வட ஆர்க்காடு' என்ற பெயரின்கீழ் உள்ளது. காக்சு எழுதி 1881இல் வெளிவந்து, பின்னர்ச் சுடூவர்ட்டு திருத்திய மாவட்டக் கையேடு இதற்குச் சான்று. மாறாக, 'சித்தூர்' என்று அட்டவணையில் காணப்படுவது இராசபுத்தானத்துச் சித்தோராகவோ பாலக்காட்டுச் சிற்றூராகவோ இருக்கக் கூடும்.

ஆ) தொகுதிகள் பிரிந்துபோன நூலை ஒதுக்கிவிடலாகாது. ஓர்மின் ஒரு பகுதி, நாட்குறிப்பின் நான்கு தொகுதிகள் என்று குறைபட்டுக் கிடைப்பினும் வாங்கிவைக்கலாம். எஞ்சியவை பிறிதொருவர் திரட்டில் இருக்கும். ஒத்துழைப்பால் நிறைவு பெறலாம்.

இ) முன்னுரையையும் அடிக்குறிப்புகளையும் முதலில் படித்தல் வேண்டும். மூலச்சுவடி எது, படியெடுத்தவர் யார், விடப்பட்ட பகுதிகள் எவை என்பன அங்கேயே கூறப்படும். கட்டுமானம் செய்யும்போது முன்னுரைத் தாள்கள் நீக்கப்பட்ட படிகளைத் தவிர்ப்பது நல்லது.

ஈ) நூலக முத்திரை, முன்னாள் உடைமையாளர் ஓரங்களில் எழுதிய குறிப்பு ஆகியவற்றை அழித்தலாகாது. ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவத்திற்கு நேராகத் தமிழிலோ தெலுங்கிலோ ஒருவர் எழுதிய உண்மைப் பெயர், பதிப்பாசிரியர் அறியாத செய்தியாக இருக்கக் கூடும்.

உ) ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சீட்டு எழுதி, மூலமொழி, இடைமொழி, கையிலுள்ள பதிப்பின் மொழி என்னும் மூன்றையும் அதில் குறித்துவைக்க வேண்டும். மூலம் அச்சாகியுள்ளதா, சுவடியாகவே உள்ளதா என்பதையும் சேர்த்தல் நன்று. இச்சீட்டுகள் பெருகும்போது, இன்னும் மூலத்திலிருந்து நேராகத் தமிழாக்கப்படாதவை எவை என்பது தானே புலப்படும்.

இவ்வைந்தனுள் இறுதியாகக் கூறியதே மொழிபெயர்ப்பாளர்க்கு மிகவும் பயன்படுவது. சித்தூர் வட்டாரத்தைப் பற்றிய போர் நூல்களில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவதைவிட, மராத்தி, பாரசீகம், தெலுங்கு ஆகியவற்றிலிருந்து நேரே தமிழுக்கு வரவேண்டியவை மிகுதி என்பது அச்சீட்டுகளால் தெளிவாகும்.

7. முடிவுரை

இவ்வட்டாரத்தில் போரிட்டவர் ஒரு மொழியினர் அல்லர். போரை எழுதியவரும் ஒரு மொழியினர் அல்லர். பாசறையில் பல மொழிகள் ஒலித்தன. நூல்களாக அவை பிரிந்தன. ஆங்கிலம் அவற்றைத் தொகுத்து, தொகுத்தபோதே ஒருமைப்படுத்தியது. அவ்வொருமை ஆய்வைத் தொடங்குவதற்கு உதவியது என்பதை மறுக்கவியலாது. பிரவுனும் மைல்சும் நயினாரும் பெயர்க்காவிடில் பல நூல்களின் இருப்பே பலர்க்குத் தெரிந்திராது. ஆயினும் பெயர்ப்பை இறுதியாகக் கொள்ளும் வழக்கம் நிலைத்தால் மூலத்தைத் தேடும் முயற்சி தளரும். நாட்குறிப்பின் தமிழ் மூலம் நாற்பத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்தது இதற்கு எடுத்துக்காட்டு.

பழம்புத்தகம் திரட்டுவோர் இக்குறையைத் தம் அளவில் ஈடுசெய்ய முடியும். ஒரே நிகழ்ச்சியைக் கூறும் பாரசீகப் பெயர்ப்பும் மராத்திப் பெயர்ப்பும் தமிழ் மூலமும் ஒரே அலமாரியில் சேரும்போது, ஏட்டில் பிரிந்தவை மீண்டும் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுக்கிடையே காணும் முரண்பாடுகளே அடுத்த ஆய்வுக்கும் அடுத்த மொழிபெயர்ப்புக்கும் உரிய தொடக்கம். சித்தூரிலும் திருப்பதியிலும் தனியார் இல்லங்களில் உள்ள இத்தகைய திரட்டுகளுக்கு அட்டவணை எழுதுவதும், உரிமையாளர் காலத்திற்குப் பின் அவை பிரிந்து போகாமல் ஒரு நூலகத்தில் சேர வழிசெய்வதும் பல்கலைக்கழகங்களும் மொழி நிறுவனங்களும் காலத்தே மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.